அய்யாக்கண்ணு மறைக்கவில்லை

அய்யாக்கண்ணு இருபத்தெட்டு வருடமாக அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். சுரங்கத்திலிருந்து ஆலை வரைக்கும் ஒவ்வொரு பள்ளமும் அவருக்கு அத்துப்படி. அதே வழியில்தான் ஒரு நாள் பட்டப்பகலில், முச்சந்தியில் வண்டியை நிறுத்திவிட்டு, இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் முன்னால் போன லாரியைப் பின்தொடர்ந்து ஆலைக்குப் போய்ச் சேர்ந்தார்.

வீட்டில் மூச்சுவிடவில்லை. ஆனால் மனைவி பரிமளா கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரே சாப்பாட்டுக்குள் "கவிதா வந்துட்டாளா?" என்று மகளைப் பற்றி மூன்று முறை கேட்டார். ஜாக்கி என்ற சொல் வராமல், "அதான், வண்டியத் தூக்குறது" என்று கையைக் காட்டினார். அதிராமல் பேசுகிற மனுஷன் சட்டைப் பொத்தானுக்கெல்லாம் எரிந்து விழுந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவம்ங்க."

"வயசானா மறக்காதா? எனக்கு ஒண்ணும் இல்ல."

"போன் நம்பர் மறந்தா வயசுங்க. நேத்து பெட்டிக்கடையில நம்ம வூட்டுக்கே வழி கேட்டீங்களாமே?"

அவர் தலை குனிந்தது. அப்போதுதான் முச்சந்திக் கதையைச் சொன்னார்.

ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்த மருத்துவர் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். எண்கள் எல்லாம் ஒரே பக்கம் குவிந்து கிடந்தன. மறதி நோயின் தொடக்கம். மாத்திரை கொஞ்சம் தாங்கும், முழுசாகக் குணமாகாது என்றார் மருத்துவர்.

மறுநாளே முதலாளியிடம் சாவியைக் கொடுத்தார். "இருவது டன் கல்லோட எவன் மேலயாவது ஏத்திட்டா என்ன பண்றது?" என்றார்.

தம்பி குருமூர்த்தி ஓடிவந்தான். "கவிதாவப் பொண்ணு பாக்க வர்றாங்கண்ணே. வாயத் தொறந்துடாத. பைத்தியம்னுடுவாங்க."

ஜெயங்கொண்டத்து மாப்பிள்ளை வீட்டார் வந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே அய்யாக்கண்ணு சொன்னார்: "எனக்கு மறதி நோவுங்க. இன்னும் கூடும். பின்னால தெரிஞ்சு எம்பொண்ண யாரும் ஒரு சொல்லு சொல்லிடக் கூடாது."

போன் பண்ணுகிறோம் என்று போனவர்கள் பண்ணவே இல்லை. குருமூர்த்தி குதித்தான்.

"விடுங்க சித்தப்பா. எங்கப்பாவ மறைச்சு வெச்சு ஒரு கல்யாணம் எனக்கு வேணாம்" என்றாள் கவிதா.

இப்போதும் தினமும் காலையில் டீக்கடைக்கு அவர் தனியாகத்தான் போகிறார். பேரும் பரிமளாவின் நம்பரும் எழுதிய அட்டை சட்டைப்பையில் இருக்கிறது. ஒருநாள் அதைப் பார்த்து ஒருவன் சிரித்தான். அய்யாக்கண்ணு அட்டையை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

"நான் வழி தெரியாம நின்னா இதுக்குப் போன் போடு. சிரிக்கிறத அப்பறம் வெச்சுக்க."