ரெண்டு சுழி வனக்கம்

வெல்டர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர்; தனி ஆளாகப் பட்டறை போட்டு நிமிர்ந்தவர். அந்தப் பெருமையைக் கேட்க வீட்டில் யாருக்கும் பொறுமையில்லை. அதனால் இணையத்தில் ஓர் அரட்டை மன்றத்தில் சேர்ந்தார். தட்டிக் கேட்க ஆளில்லாத இடம் அது. பெயர் சொல்லாமல் யாரும் எதையும் எழுதலாம். முதல் நாளே “வனக்கம்” என்று எழுதினார். “காட்டுலேர்ந்து வர்றீங்களா பெருசு?” என்று பிடித்துக்கொண்டார்கள். இவரும் சளைக்கவில்லை. தினமும் வனக்கம், தினமும் வம்பு.

கண் அறுவை சிகிச்சை முடிந்து கட்டோடு படுத்திருந்தபோது, அவர் போனில் அதைப் பார்த்த மகள் கொதித்தாள்.

“வாய்க்கு வந்தபடி திட்டுறாங்கப்பா! இத அழிச்சிடுறேன்.”

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “இரும்மா! கடைசியா என்ன போட்டிருக்கானுங்க, படி.”

படிக்கப் படிக்க அவள் குரல் இறங்கியது. “‘பெருசு, எங்க போய்த் தொலைஞ்சீங்க? வனக்கம்.’ அடுத்த ஆளும் வனக்கம்... எல்லாருமே உங்கள மாதிரியே தப்பா போட்டிருக்காங்கப்பா.”

வெல்டர் நெஞ்சை நிமிர்த்தினார். “பாத்தியா, ஊரையே என் எழுத்துக்கு இழுத்துட்டேன்! நான் சௌக்கியம்னு ஒரு வனக்கம் போடு.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டினாள்.

“ரெண்டு சுழி போடும்மா. மூணு போட்டா, நான் போய்ச் சேந்துட்டேன்னு அழுதுடுவானுங்க.”