கடலுக்குள் தள்ளிய புள்ளி

குடித்தொகை ஆய்வுக்காக வீடு வீடாகப் போனவர்கள் கைபேசியில் பதிந்துவரும் இடங்களை வரைபடத்தில் புள்ளிகளாக இடுவதுதான் என் வேலை. அன்று கொழும்பில் நாங்கள் இருக்கும் வெள்ளவத்தையை எடுத்து, வீட்டில் பேசும் மொழிப்படி நிறம் கொடுத்தேன். தமிழுக்குக் கணினி தானாகவே சிவப்பைத் தந்தது.

எங்கள் ஒழுங்கையை, அந்தக் குறுகிய தெருவை, பெரிதாக்கினேன். எங்கள் வீடும் சிவப்பு. தொட்டால் எத்தனை பேர், என்ன வயது, பகலில் யார் தனியே இருப்பது, எல்லாம் வந்து விழுந்தது. பகலில் தனியே இருப்பது அம்மா. நான் பிறப்பதற்கு முன் எண்பத்துமூன்றின் ஆடிக் கலவரத்தில், கையில் தமிழர் வீடுகளின் பட்டியலோடு வந்தவர்கள் இந்த ஒழுங்கையில் ஒரு தமிழ் வீட்டைக்கூட எரிக்காமல் விடவில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். சரி, நான் அரண்டவள்தான்.

ஆய்வுத் தலைவர் சிங்களவர், தங்கமான மனிதர். புள்ளிகளை மேலிடத்துக்கு அனுப்பவேண்டாம், பிரிவுவாரியாகக் கூட்டி எண்ணிக்கையை மட்டும் தருகிறேன் என்றேன். அவர்கள் வீட்டுக்கு வீடுதான் கேட்டிருக்கிறார்கள், ஆய்வுதானே நங்கி, என்ன பயம் என்று, தங்கச்சியை அழைப்பதுபோல், சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். நாலு மணிக்குள் அனுப்பவேண்டும் என்றுவிட்டுப் போனார்.

எங்கள் புள்ளியை மட்டும் பிடித்து இழுத்து, ரயில் பாதைக்கு அப்பால் கடலுக்குள் விட்டேன். மற்றதெல்லாம் இருந்தபடியே போயிற்று.

பின்னேரம் எதிர்வீட்டு அன்ரி என்னை வாசலில் மறித்தார்.

"பிள்ளை, போன மாசம் உங்கட ஆய்வுக்கெண்டு ஃபோமோட ஒரு பெட்டை வந்தவள். விருப்பமில்லாட்டிச் சொல்லத் தேவையில்லை எண்டவள். நான் விடேல்லை. பொலிஸில பதிஞ்ச பேப்பரையும் காட்டி எல்லாம் சொல்லிப்போட்டன்."

சண்டைக் காலத்தில் வீட்டிலிருப்பவர்களைப் பொலிஸில் பதிந்து, அந்தத் தாளைக் கதவருகில் தயாராக வைத்திருந்தோம். இன்றும் யார் படிவத்தோடு வந்தாலும் எங்கள் ஆட்கள் கேட்காமலே அதை நீட்டுவார்கள். மறைத்தால் சந்தேகம் வரும் என்ற பயம்.

"பிறகு ஒரு பிரச்சினையும் வராதெல்லோ?"

"வராது அன்ரி."

"உங்கட வீட்டையும் பதிஞ்சதுதானே? அப்ப எனக்கென்ன பயம். எல்லாருக்கும் வாறதுதானே எனக்கும்."

"ஓம் அன்ரி," என்றேன். அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.