மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள்

கான்கிரீட் போட்டு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. மேடம் ஆட்டோவிலிருந்து இறங்கினார். கல்வெட்டு படிப்பவர். கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார்.

"மேஸ்திரி, கீழ மூணு வரி இருந்துச்சே. எங்க?"

நான் காய்ந்துகொண்டிருந்த கான்கிரீட்டைப் பார்த்தேன்.

நான் முப்பது வருஷமாகக் கல் நடுகிறவன். லிங்கராஜபுரத்தில் வீடு. எல்லைக் கல், கேட் தூண், தெருப் பெயர்ப் பலகை எல்லாம் நட்டிருக்கிறேன். இப்போது சில வருஷமாக ரோட்டோரம் கிடக்கும் பழைய கல்லை நிமிர்த்தி, பக்கத்தில் சரித்திர போர்டு வைக்கிற வேலையும் வருகிறது. எதை நட்டாலும் ஒரே கணக்குதான். மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். வண்டி இடித்தாலும் சாயாது.

இந்தக் கல் ஜீவனஹள்ளியில் ஒரு மரத்தில் சாய்ந்து கிடந்தது. நாலரை அடி. மேலே வில் பிடித்த ஆள், பக்கத்தில் மாடு, அதன் கீழே கொஞ்சம் எழுத்து. அதற்கும் கீழே எதிர்வீட்டு ஜயம்மா சனிக்கிழமை தோறும் ஊற்றிய எண்ணெய் தார் மாதிரி அப்பியிருந்தது. நடுவதற்கென்று அடியில் சும்மா விட்ட பாகம் அது என்று நினைத்தேன். உண்மையில் சும்மா விட்ட பாகம் எப்போதோ உடைந்து போயிருந்தது; எண்ணெய்க்கு அடியில் இருந்தது எழுத்து. எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை அடி இறக்கிவிட்டேன்.

"போன வாரம் விரலால தடவிப் பார்த்தேன். நிமிர்த்தின பிறகு கழுவிப் படிக்கலாம்னு இருந்தேன்" என்றார் மேடம்.

கான்ட்ராக்டர் ரவி ஓடி வந்தார். "விடுங்க மேடம். மேல பொம்மை தெரியுதுல்ல? மூணு மணிக்கு திறப்பு ஃபங்ஷன். யாரு குனிஞ்சு படிக்கப் போறாங்க?"

"மாடு மீட்டு செத்தான்னு மேல இருக்கு. யாருன்னு கீழதான் இருக்கணும். போர்டுல என்ன எழுதறது ரவி? யாரோ ஒரு ஆளுன்னா?"

ஜயம்மா வாசலில் நின்று கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். "நானும் இத்தனை வருஷமா கல்லப்பா, கல்லப்பான்னுதான் கூப்பிடறேன். பேரு கேட்டதே இல்ல நோடி."

ரவி என்னைப் பார்த்தார். "மேஸ்திரி, ஆகல்ல, இனி எடுக்க முடியாதுன்னு சொல்லிடுங்க."

கட்டைவிரலை கான்கிரீட்டில் அழுத்தினேன். நகம் மட்டும் இறங்கியது. பஸ் போகிற ரோடு, அதிர்வில் அசையக்கூடாது என்று சீக்கிரம் இறுகும் கெமிக்கல் கலந்திருந்தேன். இன்னும் அரை மணி நேரம். அப்புறம் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். எழுத்தும் சேர்ந்து போகும்.

"எடுத்துடலாம்" என்றேன்.

கல் தூக்குகிற செயின் பிளாக் மூன்று கால் சட்டத்தில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கல்லில், கான்கிரீட்டுக்குச் சற்று மேலே, முடி மாதிரி ஒரு விரிசல். மேலே கட்டித் தூக்கினால் இரண்டாகிவிடும். விரிசலுக்குக் கீழே கட்ட வேண்டும். கீழே முழுக்க கான்கிரீட். முதலில் அதைத் தோண்ட வேண்டும்.

என் கூட்டாளி செல்வம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவன் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினான். நான் கரண்டியால் வழித்தேன். மேடம் வாட்சைப் பார்த்தபடி நின்றார். ரவி போனில் யாரிடமோ "எல்லாம் ரெடி சார்" என்றார்.

மூன்று பக்கம் வந்துவிட்டது. எழுத்துப் பக்கம் வரவில்லை. கரண்டி இறங்கவில்லை. கடப்பாரையை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது. கை ஈரம். வழுக்கியது.

டக்.

அது கான்கிரீட் சத்தம் இல்லை. கல் சத்தம். செல்வத்துக்கும் தெரியும். அவன் என்னைப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றினான்.

சாக்குப் பை சுற்றி பெல்ட் போட்டோம். செயினை ஒவ்வொரு பல்லாக இழுத்தேன். விரிசலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கல் வந்தது. படுக்க வைத்து, தேங்காய் நார் போட்டுத் தேய்த்தோம். எழுத்துக்குள் இருந்த சிமெண்டைத் துடைப்பக் குச்சியால் எடுத்தேன். இரும்பைத் தொடவில்லை.

எழுத்து தெளிவாகத் தெரிய மேடம் மாவைத் தடவிப் படித்தார். கடைசி வரிக்கு வந்தபோது குரல் மெதுவானது. "...மகன் சாத்தன். சாத்தன்."

ஜயம்மா கும்பிட்டார்.

வரியின் ஆரம்பத்தில் நாலு விரல் அகலம் சில்லு போயிருந்தது. மேடம் தடவிப் பார்த்தார். "அப்பா பேரு இங்க இருந்திருக்கும். பழைய உடைசல் போல."

"பழசுதான் மேடம்" என்றார் ரவி உடனே.

நானும் தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். செல்வம் தரையைப் பார்த்தான்.

"இல்ல மேடம். இப்ப போனது. என் கடப்பாரை."

 மேடம் கல்லைச் சுற்றித் தரையைப் பார்த்து, "சில்லு எங்க?" என்றார்.

வழித்த கலவை முழுவதையும் மணல் சல்லடையில் போட்டு அலசினோம். அரிசி அரிசியாகத்தான் கிடைத்தது. ஒன்றிலும் எழுத்து இல்லை.

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா மேஸ்திரி" என்றார் ரவி. மூன்று மணிக்குக் கல்லை மணல் மூட்டையில் சாய்த்து வைத்து மாலை போட்டார்கள். மறுநாள் வேறு மாதிரி நட்டேன். கல்லின் அடி தரைக்கு மேலே, இரண்டு பக்கமும் தூண் கொடுத்து.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பழைய கல்லை அடி வரைக்கும் கழுவுங்கள். படிக்கிறவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மண் எதுவரை என்று அவர் சாக்பீஸால் கோடு போடட்டும். அப்புறம் குழி தோண்டுங்கள். நம் கணக்கு கேட் தூணுக்கு.

ஜயம்மா இப்போது சாத்தப்பா என்கிறார். எண்ணெயை அடியில் இருக்கும் தட்டில் ஊற்றுகிறார். போர்டும் வந்துவிட்டது. அதில் சாத்தன் பெயருக்கு முன்னால் மூன்று புள்ளி இருக்கிறது. நின்று படிக்கிறவர்கள் அந்தப் பெயர் பழைய காலத்தில் அழிந்தது என்று நினைப்பார்கள். பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால் நான் அந்தப் புள்ளியைத்தான் பார்க்கிறேன். அது நான் வைத்தது.