தண்ணீரில்லாத ஏரியை வரைந்தவள்

இருபது வருடமாகப் பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் படம் போட்டவள் அவள். பூவின் பாகங்கள், இரைப்பை, நீராவி எஞ்சின் என்று எதைக் கேட்டாலும் அச்சு அசலாக வரைந்து கொடுப்பாள். தெருவில் அவளுக்குப் பென்சிலக்கா என்றே பேர். நாற்பத்து மூன்றாவது வயதில்தான் முதன்முதலாக ஒரு கதைப் புத்தகம் கைக்கு வந்தது.

கதையில் ஓர் அண்ணனும் தங்கையும் காலம் தாண்டி, அறுபது வருடத்துக்கு அப்பால் போய் இறங்குகிறார்கள். ஊருக்கே தண்ணீர் கொடுத்த ஏரி அங்கே இல்லை. சண்டைக்காரர்கள் விட்டுப்போன டாங்கிகளும் எண்ணெய்க் கறையும்தான் கிடக்கின்றன. நாலு நாள் வரைந்து வரைந்து கிழித்தாள். எப்படிப் போட்டாலும் விளையாட்டு மைதானம் மாதிரியே வந்தது.

அந்த வாரம் எல்லையில் நிஜமாகவே குண்டு விழ ஆரம்பித்திருந்தது. ஊர்க் குழாய்களுக்குத் தண்ணீர் வரும் ஏரியை நேரில் பார்த்து வரையலாமென்று கிளம்பினாள்.

"இப்பப் போய் ஏரிக்கரையா? மூளை கீளை பிசகிடுச்சா?" என்றான் பஸ் டிப்போவில் மெக்கானிக்கான கணவன்.

"பகல்லதானே போறேன். பாப்பா ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள வந்துடுவேன்."

கரையில் உட்கார்ந்ததும் கை தானாக ஓடியது. எதிரே குன்று, பம்ப் ஹவுஸ், அதையொட்டிப் புதிதாக அடுக்கியிருந்த எண்ணெய்ப் பீப்பாய்கள். இருந்ததை இருந்தபடி போட்டுவிட்டு, தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டாள். வெடித்த சேற்றில் டாங்கிகளை நிறுத்தினாள், பீப்பாய்களிலிருந்து எண்ணெயை ஒழுகவிட்டாள். தாளில் நிழல் விழவும் நிமிர்ந்தாள். இரண்டு சிப்பாய்கள்.

பம்ப் ஹவுஸ் அறையில் அதிகாரி நோட்டைப் புரட்டினார். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பாப்பா இந்நேரம் பூட்டிய வீட்டு வாசலில் நிற்பாள்.

"யாருக்காக வரைஞ்ச?"

"சின்னப் பசங்களுக்கு சார். கதைப் புஸ்தகம். இது இன்னும் அறுபது வருஷம் கழிச்சு நடக்குது."

"டாங்கி ஏன் ஏழு? யார் சொன்னா ஏழுன்னு?"

"யாரும் சொல்லல சார். தாள்ல அவ்வளவுதான் எடம் இருந்துச்சு."

கதவருகே நின்ற சிப்பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டான். அதிகாரி சிரிக்கவில்லை. விரலால் ஒரு மூலையைத் தட்டினார்.

"பீப்பாய் ஒழுகுற மாதிரி ஏன் போட்ட?"

"அறுபது வருஷம் கெடந்தா துருப்பிடிச்சு ஓட்டை விழாதா சார்?"

அவர் ஜன்னல் வழியே பீப்பாய்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. பிறகு அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நோட்டை நீட்டினார்.

"போங்கம்மா. இந்தப் பக்கம் இனி வராதீங்க."

ஓட்டமும் நடையுமாக வீடு சேர்ந்தாள். பாப்பா எதிர்வீட்டுப் படியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் பென்சிலைத் தொடவில்லை. மூன்றாம் நாள் ஒரே மூச்சில் மறுபடி வரைந்து பதிப்பாளருக்கு அனுப்பினாள். "பயமா இருக்கு, ஆனா இதுதான் வேணும்" என்றார் அவர்.

ஏரிக்குப் போகும் சாலையை அடுத்த வாரமே மூடிவிட்டார்கள். பீப்பாய்களை எடுத்தார்களா, அங்கேயே விட்டார்களா, தெரியாது. காலையில் குழாயைத் திறந்ததும் முதல் டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பாப்பாவுக்குக் கொடுக்கிறாள்.