பெரிய சிஸ்டரின் முழங்கால்

பெரிய சிஸ்டர் ஓய்வு பெற்ற அன்று ஆஸ்பத்திரியே வாசல் வரை வந்து வழியனுப்பியது. இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அதே ஆஸ்பத்திரி திரும்பவும் கூப்பிட்டது. வார்டு முழுக்க வயதானவர்கள், பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. பென்ஷன் கொடுக்கவே மூச்சு முட்டுகிறது, புது நர்ஸுகளை எங்கே போடுவது என்று மேலிடம் கையை விரித்துவிட்டது. பென்ஷன்காரர்களையே பிடித்துத் தினக்கூலிக்குப் போட்டால் தீர்ந்தது என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. அந்தப் புண்ணியவானுக்கு முழங்கால் வலி இருந்திருக்காது.

சிஸ்டருக்கு இருந்தது. மூட்டு மாற்றிக்கொண்டவர்களைத் தாங்கிப் பிடித்து நடக்கப் பழக்குவது அவர் வேலை. அவர் மூட்டு இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. மாற்றிக்கொள்ள அவரும் பெயர் எழுதிக்கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருந்தார்.

"பயப்படாம காலை ஊனுங்க."

"நீங்க என்னைப் பிடிச்சிருக்கீங்களா, நான் உங்களைப் பிடிச்சிருக்கேனா சிஸ்டர்?" என்றார் ஒரு வாத்தியார். சிஸ்டரைவிட வயதில் சின்னவர்.

வார்டே சிரித்தது. சிஸ்டரும் சிரித்தார். வலியில் உயிர் போய்க்கொண்டிருந்தது.

"உள்ளேயே இருக்கியேம்மா, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று மகள் சண்டை போடுவாள்.

"முன்னாடி இருக்கறவங்களுக்கும் கால்தானேடி வலிக்குது?"

ஒருவழியாக அவர் முறை வந்தது. சிஸ்டர் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, தன் வார்டிலேயே முந்தின நாள் வந்து படுத்தார். மகளும் துணைக்கு வந்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த தையல்கார அம்மாவுக்கும் மறுநாள்தான் ஆபரேஷன். இருவரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்திருந்தார்கள்.

காலையில் வந்த டாக்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"இன்னிக்கு முடியாது சிஸ்டர். ஆபரேஷன் முடிஞ்சவங்களைப் பாத்துக்க நர்ஸ் இல்லாம கத்தியைத் தொடக்கூடாது. இன்னிக்கு ஒரு ஆள் குறையுது."

"யார் லீவு?" பழக்கத்தில் அதட்டலாகவே கேட்டுவிட்டார் சிஸ்டர்.

"நீங்கதான்."

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கம்மா லீவு போட்டாத்தானே படுக்க முடியும்? அவங்க படுத்தா பாக்க ஆள் இல்லைன்னா, அவங்களுக்கு எப்பத்தான் செய்வீங்க?"

டாக்டர் பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். "சிஸ்டர் டூட்டிக்கு வந்தா அந்தம்மாவுக்காவது இன்னிக்கே முடிச்சுடலாம்" என்றார்.

தையல்கார அம்மா சிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிஸ்டருக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கட்டில் விளிம்பைப் பிடித்து மெல்ல இறங்கினார்.

"யூனிஃபார்மை எடுத்துக் கொடுடி."

மகள் நகரவில்லை. சிஸ்டரே நொண்டிக்கொண்டு போய் எடுத்தார்.