பள்ளிக்கூடத்துக்கு ஒரு துண்டுக் காடு

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதில் உருப்படியாக நான் படித்தது கடலை போடுவது ஒன்றுதான். அதுதான் வீட்டிலேயே தெரியுமே, அதற்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்பீர்கள். எங்கள் ஊரும் அப்படித்தான் சொன்னது. ஊருக்கென்ன, வாய் இருக்கிறது, சொல்லும்.

எங்களுக்கு நாமக்கல் பக்கம். மழையை நம்பின காடு. ஆடியில் ஈரம் கண்டால் அய்யன் ஏர் ஓட்டுவார். பின்னால் ஆத்தா, ஏர் கீறின சாலில் நிலக்கடலைப் பருப்பு போட்டுக்கொண்டே போவாள். அடுத்த சாலில் நான். சாணுக்கு ஒரு பருப்பு. கை தவறி இரண்டு விழுந்தால் தலையில் நறுக்கென்று ஒரு கொட்டு.

ஒருநாள் கேட்டேன்: "ரெண்டு உழுந்தா என்னாத்தா ஆகும்?"

"ரெண்டு கொட்டு உழுகும்."

தலைவலி போய்விட்டது, கேள்வி போகவில்லை. காய் இரட்டிப்பாகுமா? இல்லை, செடிகள் ஒன்றையொன்று நெருக்கிச் சாகுமா? ஆத்தாவுக்கும் தெரியாது. அவள் கொட்டின வேகத்திலேயே அது தெரிந்தது.

மறு வருஷம், பள்ளிக்கூடத்தில் விவசாயமும் சொல்லித்தர வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. எங்கள் வாத்தியார் சேலத்துக்காரர். தங்கமான மனுஷர், மாட்டைக் கண்டால் மட்டும் சுவரோரம் ஒதுங்கிவிடுவார். பாடம் நடத்த நிலம் வேண்டும் என்று மணியக்காரரிடம் போய் நின்றார். ஊரிலேயே பெரிய காடு அவருடையது.

"ஏனுங்க வாத்தியாரே, பள்ளிக்கூடத்துக்குத் தனியா எதுக்குங்க காடு? என்ற காடு இல்லீங்களா? புள்ளைங்களை அங்க ஓட்டியாங்க. பாத்துப் படிச்சுக்கட்டும்."

வாத்தியாரும் ஓட்டிக்கொண்டு போனார். கல் பொறுக்கினோம். வேர் பொறுக்கினோம். கூடை கூடையாக எருச் சுமந்தோம். மணியக்காரர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எங்கள் படிப்பை ரசித்தார். விதைக்கிற அன்று அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏனுங்க, ஒரு சாலுக்கு மட்டும் ரெண்டு ரெண்டாப் போட்டுப் பாக்கட்டுங்களா?"

"உங்கய்யன் காட்டுல போயிப் போடு, போ!"

அய்யனிடம் கேட்டேன். "வெதையில வெளாட்டா?" என்று மாடு ஓட்டுகிற தார்க்குச்சியைத் தேடினார்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வயிற்றுக்கு உழுகிற காட்டில் யாரும் தப்புப் பண்ண விடமாட்டார்கள். தப்புப் பண்ணிப் பார்க்கவென்றே ஒரு துண்டு மண் வேண்டும். அது பள்ளிக்கூடத்து மண்ணாகத்தான் இருக்க வேண்டும். இதை அன்றைக்குப் பிடித்த பிடி, இன்னும் விடவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் முள்ளும் கல்லுமாக ஒரு புறம்போக்கு கிடந்தது. மத்தியான மணி அடித்ததும் நான் முதலில் இறங்கினேன். அப்புறம் எல்லாப் பிள்ளைகளும் இறங்கினார்கள். சேதி போய் மணியக்காரர் வந்துவிட்டார்.

"ஆரைக் கேட்டுக் கை வெச்சீங்க?"

வாத்தியார் சுவரோரம் ஒதுங்கினார். நான் சொன்னேன்:

"நீங்க சொல்லிக்குடுத்த பாடந்தானுங்க. கல்லுப் பொறுக்கறது. மறந்தரக் கூடாதுன்னு மறுக்காப் படிக்கறமுங்க."

வழியில் போன சனம் சிரித்துவிட்டது. அவருக்கும் மீசைக்கடியில் ஏதோ நெளிந்தது. "வாயப் பாரு வாய" என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் திரும்பி வரவில்லை. அதையே உத்தரவாக வைத்துக்கொண்டோம்.

ஆளுக்கு ஒரு பிடி கடலை வீட்டிலிருந்து வந்தது. எப்படி வந்தது என்று வாத்தியார் கேட்கவில்லை. எனக்கு வந்த சாலில் பாதிக்கு ஒற்றை, பாதிக்கு இரட்டை போட்டேன். இரட்டைச் செடிகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நெடுநெடுவென்று நின்றன. பார்க்க ஜோர். பிடுங்கினால் இரண்டுக்கும் சேர்த்து, ஒற்றைச் செடியைவிடக் கொஞ்சம்தான் காய் கூட. விதை தண்டம். ஆத்தா கொட்டினது நியாயம்தான். ஆனால் அந்த நியாயம் இப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பிடுங்குகிற அன்று ஆத்தாவே வந்துவிட்டாள். விதையை வீணடித்ததற்கு நாலு போடத்தான் வந்தாள். வந்தவள் இரண்டு பக்கத்துச் செடியையும் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். மண்ணை உதறினாள்.

"அந்த ஓரத்துல சும்மா கெடக்குதே, அது ஆருது?"

"ஆருதும் இல்ல ஆத்தா. பள்ளிக்கூடத்துது."

மடியை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பிடி கொள்ளு.

"கடலை புடுங்கின ஈரத்துலயே கொள்ளு போட்டா வருமான்னு, கண்ணாலமாயி வந்த நாளாக் கேக்கறேன். உங்கய்யன் உடமாட்டீங்கறாரு."

அப்படியானால் எனக்கு நாலு போடவா வந்தாள்? நான் கேட்கவில்லை, தலை என்னுடையது. சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வகுப்புக்கு மணி அடித்தது. நான் நகராமல் நின்றேன்.

"நீ போயிப் படி சாமி. எனக்கு இங்க சோலி கெடக்குது."