துண்டுக்குள் முடிகிற விலை

மாம்பூவுக்கு மருந்தடிக்கப் போன என் மகன், முதுகில் டேங்கோடு மரத்தடியில் விழுந்து கிடந்தான். வாயில் நுரை. நானும் மருமகளும் ஆட்டோவில் போட்டுப் புத்தூருக்குக் கொண்டுபோனோம். அங்கே கையை விரித்துவிட்டார்கள், திருப்பதிக்கு ஓடினோம். பிழைத்தான். ஆனால் அன்றிலிருந்து கொஞ்சம் வேகமாக நடந்தாலும் அவனுக்கு இளைக்கிறது.

"இனிமே நம்ம தோப்புல விஷம் வேணாம் நைனா" என்று ஆஸ்பத்திரியிலேயே அவனிடம் சொன்னேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அதனாலோ என்னவோ, அவன் என் பேச்சைத் தட்டவில்லை.

அடுத்த பூவுக்கு வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளித்தோம். கையெல்லாம் கசப்பு ஏறிப்போய், பிசைந்த சோறும் கசந்தது. காய் பிடித்தது. கொஞ்சம் குறைவுதான். தோலில் கறுப்புப் புள்ளி இருந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு குற்றமும் இல்லை.

மகனைத் தனியாக அனுப்பப் பயந்து மண்டிக்கு நானும் போனேன். அந்த மாங்காய் மண்டியில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். மண்டிக்காரரும் வியாபாரியும் கையைக் கோத்துக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அதுதான் விலை. காய் கொண்டுவந்தவனுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும்.

"அண்ணே, இது மருந்தடிக்காத காய். தனியா குமிச்சி வையுங்க" என்றான் மகன்.

மண்டிக்காரர் ஒரு காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மருந்தடிக்கலன்னு இதுமேல எங்க எழுதிக்கீது? புள்ளிதான் எழுதிக்கீது." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"துன்னு பாருங்கண்ணே."

"நான் எதுக்குத் துன்றேன்? நான் விக்கிறவன்."

துண்டு அசைந்தது. மருந்தடித்துப் பளபளவென்று இருந்த பக்கத்துத் தோப்புக்காரரின் காய் நல்ல விலைக்குப் போனது. எங்களுடையது கடைசி விலைக்கு. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "வெலய கொஞ்சம் வாயால சொல்லுங்களேன்" என்று கேட்டுவிட்டேன்.

"இதி மண்டிம்மா, குடி காது" என்றார் அவர் தெலுங்கில். இது மண்டி, கோயில் இல்லையாம். வெட்கத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் பூமியைக் காப்பாற்றுவது பற்றி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. திருப்பதியிலிருந்து வந்த ஒருவர் பேசினார். நல்ல மனிதர், உருகித்தான் பேசினார். எல்லாக் கெடுதிக்கும் வியாபாரம்தான் காரணம், லாபத்தை நினைக்காமல் பூமியைத் தாயாக நினையுங்கள் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டியபின் மனசு ஒப்பவில்லை. பெண்கள் யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டபோது மருமகள் என் இடுப்பில் குத்தினாள்.

"போ அத்தே. அடுப்பாண்ட குந்திக்கினு என்னாண்ட சொல்றியே, அத அங்க சொல்லு."

எழுந்து நின்றேன். தரையைப் பார்த்துத்தான் பேசினேன்.

"சார், வியாபாரம் இல்லன்னா எங்க காய யாரு வாங்குவாங்க? எங்களுக்கு வியாபாரம் வோணும். ஆனா துண்டு இல்லாத வியாபாரம் வோணும். மருந்தடிச்சது எது, அடிக்காதது எதுன்னு சோதிச்சிச் சொல்லி விக்கணும். வெலய நாலு பேர் கேக்கச் சொல்லணும். பளபளன்னு கீற காயி மலிவுன்றாங்க. மலிவெல்லாம் இல்ல சார். மீதி வெலய எம்புள்ள ஆஸ்பத்திரியில குடுத்தான்."

அவர் கைகூப்பினார். "உண்மைதாம்மா. ஆனா நாங்க மண்ணப் பத்திப் பேச வந்தவங்க. மண்டி விஷயத்த மார்க்கெட் ஆபீஸ்லதான் கேக்கணும்."

மருமகளோடு அங்கேயும் போனேன். மருந்தடிக்கிற சங்கதியெல்லாம் விவசாய ஆபீஸ் பார்த்துக்கொள்ளும் என்றார்கள்.

படிக்காதவள் நான், எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மண்ணுக்காகப் பேசுகிறவர்கள் மண்டி வாசலோடு நின்றுவிடுகிறார்கள். மண்டிக்காரர்கள் தோப்புக்குள் கால் வைப்பதே இல்லை. நடுவில் நாங்கள் நிற்கிறோம். நல்லது செய்தவனுக்கு விலை கிடைத்தால் பக்கத்துத் தோப்புக்காரரும் நாளைக்கு வேப்பங்கொட்டை இடிப்பார். யாரும் வந்து புத்தி சொல்லத் தேவையில்லை. நஷ்டப்பட்டு எத்தனை பூவுக்கு ஒருவன் நல்லவனாக இருப்பான்?

இந்த வருஷம் பூ வந்ததும் மகன் பரணிலிருந்து டேங்கை இறக்கினான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அப்பிடிப் பாக்காதம்மா. இந்த வாட்டியும் புள்ளி வுழுந்தா தோப்ப விக்க வேண்டியதுதான். அப்பறம் கம்பெனி வேலைக்குப் போவலாம்னா, இளைப்புக்காரன எவன் சேப்பான்?"

"உன்னால தூக்க முடியாதேடா."

"ஆளு சொல்லிக்கீறேன். கெணத்தோரத்து மரத்துக்கு வேணாம்னுட்டேன். அது நமக்குத் துன்ன."

மறுநாள் கூலிக்கு ஒரு ஆள் வந்தார். என் மகன் வயசுதான் இருக்கும். மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வரிசையாக அடித்துக்கொண்டே வந்தவர், கிணற்றோரம் வந்ததும் நின்றார்.

"இன்னாம்மா, இந்த மரத்த ஏன் வுடச் சொன்னாரு? இதுக்கு மட்டும் பூச்சி வராதா?"

அது எங்கள் வீட்டுக்கு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "காத்துக்கு முதுகக் காட்டிக்கினு அடிப்பா" என்று மட்டும் சொன்னேன்.